நேர்ந்துவிட்ட கால்கள்

மரக்காணம்
மார்ச் 2

அன்புத் தங்கை பிரிசிக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். அந்த மலைக்குளிரில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய கருவாட்டை உங்கள் மடத்து மதர் சாப்பிட்டார்களா, இல்லை வாசனைக்கே ஜன்னலைச் சாத்திவிட்டார்களா? இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் என் வீட்டுக்காரர் உன் மாமா, சென்னையில் வேலை பார்க்கிற என் மகன் டோமினிக், பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் அக்கா, அவருடைய கோழிகள். என்னைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். உங்கள் ஜார்க்கண்ட் மலையில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் உன் மாமா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "சிஸ்டர் பேசுறாங்க, வாங்க வாங்க" என்று தெருவையே கூட்டிவிடுவார். அதோடு, சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. எழுதினால் நடுநடுவே படுத்து எழுந்து எழுதலாம். இந்தக் கடிதத்தை நேற்றுக் காலையில் தொடங்கினேன்.

மார்பில் வந்த கட்டியை எடுத்து, கீமோ ஏற்றி, ரேடியேஷன் கரண்ட் வைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்று உனக்குத் தெரியும். போன மாதம் நன்றிப் பூசை வைத்தோம். உன் மாமா தெருவுக்கே பிரியாணி போட்டார். பந்தி நடக்கும்போது எழுந்து நின்று ஒரு விஷயத்தை அறிவித்தார். எனக்கு ஆபரேஷன் நடக்கிற சமயத்தில் அவர் நேர்ந்துகொண்டாராம், "மாதாவே, இவ பொழச்சு எழுந்தா ஆகஸ்ட்டுல நடந்தே வேளாங்கண்ணிக்கு வருவா" என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வருஷா வருஷம் காவி உடுத்தி நம் ஊர் வழியாக ஈசிஆரில் நடந்து போகிறவர்களை நீயும் நானும் எத்தனை தடவை வேடிக்கை பார்த்திருக்கிறோம். இந்த வருஷம் அந்தக் கூட்டத்தில் நான் போக வேண்டும்.

பிரிசி, எனக்குத் தெருக்குழாய் வரைக்கும் போய்வரவே முடியவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராகத் திரும்ப வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அங்கே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துதான் பொழுதை ஓட்டுகிறேன். சமையல் செய்கிற கொளஞ்சி கண்டும் காணாததுபோல இருக்கிறாள். தூங்கி எழுந்தால் போய்விடுகிற களைப்பு இல்லை இது. நான் எழுந்திரிக்கும்போது அதுவும் கூடவே எழுந்திரிக்கிறது.

யாரிடம் சொல்வது? களைப்பு என்று நான் வாய் திறந்தால் இந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். திரும்ப வந்துவிட்டது என்று உன் மாமா இடிந்துபோவார். பூசை வைத்து, பந்தி போட்ட பிறகு முடியவில்லை என்று சொன்னால் மாதா கொடுத்ததில் குறை சொல்வதுபோலவும் ஆகும். அதனால் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

நீ கான்சர் வார்டில் நர்ஸாக இருந்தவள். ஏதாவது வழி இருந்தால் எழுது. மாத்திரை மட்டும் வேண்டாம், இவர் கண்ணில் பட்டுவிடும்.

உன் ஜெபத்தில் என்னை நினை.
அக்கா பவுலின்


ஜார்க்கண்ட்
மார்ச் 14

என் அன்பு அக்காவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் டோமினிக்குக்கும் என் ஆசிகள். சிஸ்டர் ஆனதில் ஒரே லாபம், அக்காவுக்கே ஆசி கொடுக்கலாம். முட்டி பரவாயில்லை. கருவாட்டை மதர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள், ஆனால் அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நீ சொல்கிற களைப்பு எனக்குப் புதிதல்ல. வைத்தியம் முடிந்து மாதக்கணக்கில் அது விடாமல் இருக்கிற எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது சோம்பேறித்தனமும் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை. களைப்பு இருக்கிறது என்பதாலேயே நோய் திரும்பிவிட்டது என்று ஆகிவிடாது. ஆனால் இரத்தம் குறைந்திருக்கலாம், தைராய்டு கோளாறாக இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த மாதம் உனக்குச் செக்கப் இருக்கிறதல்லவா? போய் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல். நல்ல பிள்ளை என்று பேர் வாங்க நீ அங்கே போகவில்லை.

இப்போது நீ கேட்ட வழி. எங்கள் வார்டில் சொல்லிக்கொடுப்போம். உடம்பில் சில இடங்களை நீயே உன் விரலால் அழுத்திக்கொள்வது, அக்குபிரஷர் என்பார்கள். ஊசி இல்லை, மருந்து இல்லை. உச்சந்தலை, இரண்டு புருவத்துக்கும் நடுவே, முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி வெளிப்பக்கம், உள்கணுக்காலுக்கு மேலே நாலு விரல், பாதத்தின் மேல் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று நிமிஷம். மாம்பழம் பழுத்துவிட்டதா என்று அழுத்திப் பார்ப்போமே, அதைவிடக் கொஞ்சம் கூட அழுத்து. வலிக்கக் கூடாது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை மட்டும் தொடாதே, வீங்கிவிடும். தினமும் செய்ய வேண்டும். பலன் தெரிய சில வாரம் ஆகும்.

இது நோயைத் தீர்க்காது அக்கா. தீர்க்கும் என்று எவராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடு. களைப்பைக் கொஞ்சம் இறக்கிவைக்கும், தூக்கம் நன்றாக வரும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியும்.

செக்கப்பில் என்ன சொன்னார்கள் என்று எழுது.

உன் பிரிசில்லா


மரக்காணம்
மார்ச் 30

பிரிசி,

நீயும் உன் மடத்தாரும் நன்றாக இருக்கிறீர்களா? இங்கே வெயில் ஏறிவிட்டது. அளத்தில் உப்பு நன்றாக விளைகிறது. உன் மாமா, அதுதான் உப்பள மேஸ்திரி லாரன்ஸ், விடியுமுன்பே டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டு போய்விடுகிறார், திரும்பி வரும்போது புருவத்தில்கூட உப்பு.

நீ சொன்னதைச் செய்கிறேன். வீட்டில் முடியவில்லை. முதல் நாள் உச்சந்தலையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், "தலவலியா? மயக்கமா? புதுச்சேரிக்குப் போலாமா?" என்று வண்டிச்சாவியை எடுத்துவிட்டார். அதனால் கோயிலுக்கு மாற்றிக்கொண்டேன். காலைப் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுத்திக்கொள்கிறேன். கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரு இடத்துக்குப் பத்து 'அருள் நிறைந்த மரியே' என்று வைத்துக்கொண்டேன், உன் மூன்று நிமிஷம் சரியாக வந்துவிடுகிறது. மாதாவுக்கும் கணக்கு, உனக்கும் கணக்கு.

நேற்று மறந்துபோன கண்ணாடியை எடுக்க அந்தோணியம்மாள் அக்கா திரும்பி வந்தார். நான் புருவத்துக்கு நடுவே விரலை வைத்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏம்மா பவுலின், இது என்னா ஜெபம்? நான் பாத்ததே இல்லியே?"

என்ன சொல்வது? "எங்க சிஸ்டர் சொல்லிக் குடுத்ததுக்கா" என்றேன். பொய்யில்லையே, நீதானே சொல்லிக் கொடுத்தாய்? அவர் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

களைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் இரண்டு இரவு நடுவில் விழிக்காமல் தூங்கினேன். அதுவே பெரிய விசேஷம். உன் முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறாயா? அங்கே நல்லெண்ணெய் கிடைக்கிறதா? இல்லையென்றால் அனுப்புகிறேன்.

பாசமுடன்,
பவுலின்


ஜார்க்கண்ட்
ஏப்ரல் 13

அக்கா,

குருத்தோலை ஞாயிறு வாழ்த்து. இங்கே தென்னை கிடையாது, ஈச்ச ஓலையைப் பிடித்துக்கொண்டு பவனி போனோம்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் டிஸ்பென்சரியில் இருந்த நோயாளிகள் பயந்துவிட்டார்கள். நல்ல காரியம் செய்தாய். இனி நான் ஒரு புது ஜெபமுறையைத் தொடங்கியவள் என்று பிஷப் மேற்றிராணியாருக்கே தகவல் போகும், விசாரணை வைப்பார்கள். அந்தோணியம்மாள் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடு. தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சிக்கல்தான்.

தூக்கம் வருவது நல்ல அறிகுறி. விடாதே. தவக்காலம் என்று ஒருசந்தி கிருசந்தி இருந்தாயோ, ஜார்க்கண்டிலிருந்து ரயிலேறி வந்து உதைப்பேன். முட்டை சாப்பிடு, கீரை சாப்பிடு.

செக்கப் பற்றி நீ எழுதவில்லை. மறந்திருப்பாய். என்ன சொன்னார்கள்?

நல்லெண்ணெய் வேண்டாம். கருவாடுதான் வேண்டும் என்று மதர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பிரிசில்லா


மரக்காணம்
மே 5

அன்புள்ள பிரிசி,

உயிர்ப்புத் திருவிழா நன்றாக நடந்ததா? இங்கே கூட்டமான கூட்டம். கருவாடு பார்சல் இன்னொன்று வருகிறது. வஞ்சிரம், மேலே மஞ்சள் காகிதம் சுற்றியிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி, ஒரு சங்கடமான செய்தி. நல்ல செய்தி, போன வாரம் மீன்குழம்பு கொதித்து இறங்குகிறவரைக்கும் அடுப்பருகே நின்றுகொண்டே இருந்தேன். நடுவில் உட்காரவில்லை. இறக்கிவைத்த பிறகுதான், அடடா நின்றிருக்கிறோமே என்று எனக்கே தெரிந்தது. கொளஞ்சியும், "என்னாங்க டீச்சர், மூஞ்சில கொஞ்சம் வெளிச்சம் தெரியுது" என்றாள். முழுசாகப் போகவில்லை பிரிசி. மத்தியானத்துக்கு மேல் இன்னமும் யாரோ என்னைத் தரையோடு பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் காலையில் ஒரு பாதி நாள் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

சங்கடம் இதுதான். மே மாதம் என்பதால் எங்கள் தெரு அன்பியக் குழுவில் தினம் ஒரு வீட்டில் ஜெபமாலை நடக்கிறது. முதல் நாள் பார்த்தால் அந்தோணியம்மாள் அக்கா புருவத்து நடுவே விரல் வைத்துக்கொண்டு ஜெபம் சொல்கிறார். மூன்றாம் நாள் பாதிப்பேர் வைத்திருக்கிறார்கள். ஜெபமாலையில் நாலாம் பத்து வந்தால் எல்லோரும் உச்சந்தலைக்குப் போகிறார்கள். "பவுலின் பொழச்சதே இந்த ஜெபத்தாலதான்" என்று பேச்சு. எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. உன் மாமாவும் உப்பில் வெடித்த விரலை நெற்றியில் வைத்துக்கொண்டு பக்தியாக உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

மாதக் கடைசியில் அந்தோணியம்மாள் அக்கா வீட்டில் ஜெபமாலை. அன்றைக்கு நான் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டுமாம். எப்படிக் குணமானேன், இந்த ஜெபம் எப்படிக் கிடைத்தது, ஆகஸ்ட்டில் எப்படி நடக்கப் போகிறேன் என்றெல்லாம். உன் மாமா எனக்குக் காவிப்புடவை எடுத்தாகிவிட்டது. பீரோவில் இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வேறு என்ன? கோடைமழை ஒருநாள் பெய்து பாத்தியில் இருந்த உப்பெல்லாம் கரைந்துபோனது. கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது.

உன் அக்கா


ஜார்க்கண்ட்
மே 16

அக்கா,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. நான் சுகம்.

மீன், மழை, கோழி அடையில் உட்கார்ந்தது வரைக்கும் எழுதியிருக்கிறாய். செக்கப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. முதல் தடவை மறதி என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. நீ போகவில்லை, இல்லையா?

ஏன் போகவில்லை என்றும் எனக்குத் தெரியும். களைப்பு என்று நீ சொன்னால் டாக்டர் தேடுவார், தேடினால் ஏதாவது இருந்துவிடுமோ என்று பயம். மாமாவைப் பற்றி எழுதினாயே, களைப்புக்கு அவர் ஒரே அர்த்தம் வைத்திருக்கிறார் என்று. அந்த அர்த்தத்தை வைத்திருப்பது நீதான்.

நான் உனக்கு அழுத்தச் சொல்லிக்கொடுத்தது களைப்பைக் குறைக்க. அதை வைத்து நீ டாக்டரை ஏமாற்றவும் மாமாவை ஏமாற்றவும் போகிறாய் என்றால், சொல்லிக்கொடுத்ததற்கு நான் வருத்தப்படுகிறேன். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இதுவே போகட்டும்.

பிரிசில்லா


ஜார்க்கண்ட்
ஜூன் 19

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? ஒரு மாதமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் வருகிற நாளில் மடத்து வாசலுக்குப் போய் நிற்கிறேன். கருவாடு வந்து சேர்ந்தது, கடிதம் வரவில்லை.

அடிவாரத்துக்கு இறங்கினால் சிக்னல் கிடைக்கும், மாமாவுக்குப் போன் போடலாம். இரண்டு தடவை கிளம்பினேன். ஆனால் நீ அவருக்குத் தெரியாமல் எனக்கு எழுதியதை நான் எப்படி அவரிடம் கேட்பேன்? திரும்பிவந்துவிட்டேன்.

கடுமையாக எழுதிவிட்டேன் அக்கா. உன்மேல் இருக்கிற பயத்தில் எழுதியது. ஒரு வரி போடு. உடம்பு சரியில்லை என்றாலும் அதை ஒரு வரியில் போடு.

பிரிசி


புதுச்சேரி
ஜூன் 24

மரியாதைக்குரிய சிஸ்டர் பிரிசில்லாவுக்கு,

லாரன்ஸ் மாமா எழுதுவது. நீங்களும் மடத்தில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் கடிதம் எழுதிப் பல காலம் ஆகிறது, லாரிக்குச் சீட்டு எழுதுவதோடு சரி. உன் அக்கா, "நீங்களே எழுதுங்க, எனக்கு இப்ப எழுத வராது" என்று பேப்பரைக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அவளுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். நீங்கள் என்றும் நீ என்றும் மாறிமாறி வருகிறது, பொறுத்துக்கொள்ளவும்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் மே மாதக் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். மாதக் கடைசியில் அந்தோணியம்மாள் வீட்டில் ஜெபமாலை. வாசலில் சாமியானா, மைக், தெருவே உட்கார்ந்திருக்கிறது. இவளை எழுப்பிவிட்டார்கள். நன்றி சொல்லுவாள், அழுவாள், நானும் அழலாம் என்று கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதை மறக்க முடியவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"மாதாவுக்குக் கோடி நன்றி. ஆனா எனக்கு இன்னும் தெம்பு வரல. காலைல எழுந்திரிக்கும்போதே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது. நான் நெத்தியில அழுத்தினது ஜெபம் இல்லீங்க, களைப்புக்கு வைத்தியம். வீட்ல செஞ்சா இவரு பயந்துடுவாருன்னு கோயில்ல செஞ்சேன். செக்கப்ப டாக்டர் தள்ளி வெச்சிருக்காருன்னு இவருகிட்ட சொன்னதும் பொய். நான்தான் போகல. போனா என்னா சொல்லுவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எடுத்துவைத்த கைக்குட்டையை நான் திரும்பப் பையில் திணித்தேன். அப்போது அந்தோணியம்மாள் எழுந்து, "அப்ப ஒரு மாசமா நாங்க அழுத்துனது என்னாடி?" என்று கேட்டார். "தூக்கத்துக்கு நல்லதுக்கா" என்றாள் இவள். "அடிப்பாவி! ஜெபத்துல தூங்கித் தூங்கி விழறேனேன்னு நான் சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் வேற பண்ணிட்டு வந்தேனே!" என்றார் அவர். தெருவே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

சிஸ்டர், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் நினைத்திருக்கிறாள். அரிசி மூட்டைமேல் அவள் உட்கார்ந்தே தூங்குவதைக் கொளஞ்சி எப்போதோ என்னிடம் சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். நடந்து போய் நேர்ச்சையை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இப்போது இவளால் நடக்க முடியாது. மாதாவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆகும்? அதை மீறினால் நோய் திரும்ப வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமில்லை. நீ படித்தவள், சிரிப்பாய். சிரித்துக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது.

கூப்பிடுகிறார்கள். நிறுத்துகிறேன்.

லாரன்ஸ்


மரக்காணம்
ஜூலை 6

என் பிரிசி,

ஒன்றும் இல்லை! மேலே தோத்திரம் போடுவதற்கு முன்பே இதை எழுதிவிட்டேன், ஆண்டவர் மன்னிப்பார். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. நோய் இல்லை. இரத்தம்தான் ரொம்பக் குறைவாக இருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு களைப்பு வைத்தியத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு வரும் என்று டாக்டர் அம்மாவும் சொன்னார். நீ சொன்ன அழுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். "தாராளமா செய்யுங்க, ஆனா எங்ககிட்ட வர்றத நிறுத்தாதீங்க" என்றார். "ஏம்மா மூணு மாசம் சும்மா பயந்துகிட்டு இருந்தீங்க?" என்றும் கேட்டார். வராந்தாவில் உன் மாமா அழுத அழுகையில் வாட்ச்மேன் ஓடிவந்து, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டுவிட்டார்.

உன் இரண்டு கடிதமும் தலையணைக்கடியில் இருக்கின்றன. கடுமையாக எழுதிவிட்டேன் என்று வருத்தப்படாதே. அந்தக் கடிதம் வராமல் போயிருந்தால் அன்றைக்கு மைக்கில் பொய்தான் சொல்லியிருப்பேன். பதில் எழுதாததற்குக் காரணம், ரிசல்ட் தெரியாமல் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நேர்ச்சை விஷயம் பாக்கி இருந்தது. நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் இவர் முகம் தெளியவில்லை. "சொன்ன வாக்க மீறுனா மாதா சும்மா இருப்பாங்களா?" என்று அதையே பிடித்துக்கொண்டார். கடைசியில் எங்கள் பங்குச்சாமி இருதயநாதனிடம் கூட்டிப்போனேன். அவர் பங்களா வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏம்பா லாரன்சு, நேர்ந்துகிட்டது யாரு?"

"நான்தான் சாமி."

"நடக்கணும்னு சொன்னது யார் கால?"

"இவ கால."

"இவகிட்ட கேட்டியா?"

"இல்லீங்க. அப்ப இவ மயக்கத்துல இருந்தா."

"அடுத்தவங்க கால நேர்ந்து விடறதுக்கு இவ என்னா ஆடா, கோழியா? இவ சொல்லாத வாக்கு இவளக் கட்டாது. மாதாவுக்கு அது தெரியும், உனக்குத்தான் தெரியல. வாய் உன்னுது, அப்ப காலும் உன்னுதா இருக்கட்டும். நீ நட."

உன் மாமா என்னைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். டீக்கடைக்குக்கூட டிவிஎஸ்ஸில் போகிற மனுஷன். ஆனால் பிரிசி, அந்த முகம் அப்படியே இளகிப்போனது. வீடு வருகிறவரைக்கும், "ஏன் எனக்கு இது தோணல?" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையிலிருந்து அளத்து வரப்பில் நடந்து பழகுகிறார். வேலை செய்கிற ஆட்களெல்லாம், "மேஸ்திரி வண்டி ரிப்பேரா?" என்று கேட்கிறார்களாம்.

மனசு நிறைந்து எழுதுகிறேன்.
உன் பவுலின்


ஜார்க்கண்ட்
ஜூலை 20

அக்கா,

மாமாவின் கடிதமும் உன் கடிதமும் ஒரே பையில் வந்தன. மழையில் பாதை அடைபட்டு எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது. முதலில் அவருடையதைப் பிரித்தேன். "கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்" என்று அது முடிந்ததும் உன்னுடையதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. சிற்றாலயத்துக்கு எடுத்துப்போய், அங்கேயும் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மதர் வந்து பிடுங்கிப் பிரித்து, தமிழ் தெரியாமல் விழித்து, திரும்ப என் கையிலேயே கொடுத்தார்கள். முதல் வரியைப் பார்த்ததும் சத்தம் போட்டு அழுதேன். மதரும் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து அழுதார்கள்.

வார்டில் எத்தனையோ பேரிடம் தைரியம் சொன்னவள் நான். சொந்த அக்கா என்றால் வேறாக இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே. அழுத்துவதை விடாதே. மாமாவிடம் சொல், நான் சிரிக்கவில்லை.

பிரிசி


மரக்காணம்
ஆகஸ்ட் 24

அன்புத் தங்கைக்கு,

மாதா உன்னைக் காக்கட்டும். அங்கே மழை என்றாயே, மதருக்குச் சளி பிடித்துவிடப் போகிறது. பூண்டு ரசம் வைத்துக் கொடு. நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை அதை யோசிக்காமல் எழுதுகிறேன். இப்போதெல்லாம் வீட்டு வாசலிலேயே நாற்காலியைப் போட்டு அழுத்திக்கொள்கிறேன். அந்தோணியம்மாள் அக்காவும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஜெபமாலை தனி, இது தனி என்று கறாராகச் சொல்லிவிட்டார். மத்தியானம் முடியாவிட்டால், முடியவில்லை என்று சொல்லிப் பழகுகிறேன். உனக்கு இது சாதாரணமாகத் தெரியும். நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு இவர் முகத்தைப் பார்ப்பேன்.

நேற்று நடைபயணக் கூட்டம் நம் ஊருக்கு வந்தது. இவர் காவி வேட்டி, கழுத்தில் மாலை, தோளில் பையோடு அவர்களோடு சேர்ந்துகொண்டார். பீரோவில் இருந்த என் காவிப்புடவையைக் கூட்டத்தில் வந்த ஒரு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். கோயிலிலிருந்து ஈசிஆர் வரைக்கும் நானும் கூட நடந்தேன். கொட்டு அடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள், எனக்கும் உற்சாகம். உப்பளம் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே கால் தளர்ந்தது. பழைய பவுலினாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்பேன்.

நின்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன், "எனக்குக் களைப்பா இருக்குது. நான் இங்கியே நிக்கிறேன்."

இவர் திரும்பிப் பார்த்தார். ஓடிவரவில்லை, முகம் மாறவில்லை. "சரி, ஆட்டோ புடிச்சுப் போ. சாப்புட்டுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு, விட்ட பாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். நடுரோட்டில் எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகைதான், நீ பயப்படாதே.

வீட்டுக்கு வந்து கதவைக்கூடச் சாத்தவில்லை. பட்டப்பகலில், தெருவே பார்க்கப் படுத்துத் தூங்கினேன். விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது, போன் அடித்துக்கொண்டே இருந்தது. காலாப்பட்டுப் பக்கம் ஒரு கோயிலில் தங்கியிருக்கிறார்களாம். பின்னால் ஒரே இரைச்சல், ஸ்பீக்கரில்தான் போட்டிருக்கிறார்.

"எவ்ளோ நேரமா அடிக்கிறேன், எங்க போயிட்ட?"

"தூங்கிட்டேங்க. ரொம்பக் களைப்பா இருந்துச்சு."

"அப்படியா? சரி, தூங்கு" என்று வைத்துவிட்டார்.

நான் திரும்பிப் படுத்துத் தூங்கினேன் பிரிசி.

உன் அக்கா,
பவுலின்